கிரைண்டர் பட்ட தோசைக்கல்லும் காரீயம் உருக்கிய சட்டியும்: வெள்ளவத்தையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் இரண்டு பாத்திரங்கள் வருகின்றன. இரண்டும் வார்ப்பிரும்பு. இரண்டும் வெள்ளவத்தையில் ஒரே வீட்டிலிருந்து ஒன்றாக என் கைக்கு வந்தவை. ஒன்று யாழ்ப்பாணத்திலிருந்து அந்தக் குடும்பத்தோடு கொழும்புக்கு வந்த தோசைக்கல். மற்றது, வீட்டு மகன் பஞ்சிகாவத்தையில் பழைய இரும்பு விற்கும் கடையொன்றில் வாங்கிய குழிச்சட்டி. கல் இப்போது நாள்தோறும் அடுப்பில் ஏறுகிறது. சட்டி இனி எந்த அடுப்பிலும் ஏறக் கூடாது. பழைய இரும்பைச் சேர்க்கிறவர்கள் துருவைக் கண்டதும் அதை எடுக்கத்தான் முதலில் பார்க்கிறோம். அந்தப் பாத்திரம் எங்கே கிடந்தது, அதில் என்ன வெந்தது, யார் எதைப் போட்டுத் தேய்த்தார்கள் என்பதையெல்லாம் அதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும். அதை வலியுறுத்தத்தான் இந்த இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

கல் வந்த நிலை

அந்தக் குடும்பத்து மாமியின் வீடு காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையிலுள்ள ஒரு ஒழுங்கையில், கடலுக்குக் கிட்டிய பக்கம் இருக்கிறது. சமையலறை யன்னல் மேற்கே பார்த்தது. “தம்பி, கல்லு செத்துப் போச்சு. தோசை ஊத்தினால் பிய்ச்சுத்தான் எடுக்க வேண்டிக் கிடக்கு” என்று சொல்லி, பழைய சீலைத் துண்டில் சுற்றியிருந்ததை எடுத்து என் முன் வைத்தார்.

கதை சுருக்கமானது. வீட்டில் எல்லோரும் சில மாதம் வெளிநாட்டில் இருந்திருக்கிறார்கள். திரும்பி வந்தபோது கல் முழுக்கத் துரு. அம்மாவைச் சந்தோஷப்படுத்த நினைத்த மகன் அதை ஒரு வேலைத்தளத்தில் கொடுத்தார். அவர்கள் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் போட்டு மேற்பக்கத்தைப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மாமி தேங்காயெண்ணெயைத் தாராளமாகப் பூசி, காஸ் அடுப்பில் வைத்துத் திரும்பத் திரும்பப் பழக்கிப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் பிசுபிசுப்பான பழுப்பு நிறத் தோல் ஒன்று படியும், முதல் தோசையோடு அது உரிந்துவிடும், உரிந்த இடத்தில் துரு ஏறும்.

அளந்து பார்த்தேன். விட்டம் 30 சென்ரிமீற்றர், எடை 3 கிலோவுக்குச் சற்று மேல். முதலில் கைபிடியில் தூக்கிப் பிடித்து ஒரு மரக்கரண்டியால் தட்டினேன். நல்ல வார்ப்பு நீளமாக ஒலிக்கும். உள்ளே வெடிப்பு இருந்தால் ஒலி உடனே அடங்கிவிடும். இது நன்றாக ஒலித்தது. பிறகு ஓர் இரும்பு அடிமட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் நிறுத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் காட்டிப் பார்த்தேன். கல் வளையவில்லை. ஆனால் நடுவுக்குப் பக்கத்தில் இரண்டு இடத்தில் கிரைண்டர் தட்டு ஆழமாகக் கடித்திருந்தது. விரலால் தடவினால் அந்தப் பள்ளம் தெரியும். அடிப்பக்கத்தை நல்லவேளையாக யாரும் தொடவில்லை. மணல் அச்சின் சொரசொரப்பும், உருக்கிய இரும்பை ஊற்றிய வாயின் வடுவும், பல காலத்து விறகடுப்புக் கரியும் அப்படியே இருந்தன. இங்கிலாந்து, அமெரிக்கப் பாத்திரங்களில் இந்த வடுவை வைத்து ஓரளவுக்கு வயது சொல்லலாம். எங்கள் பக்கத்துச் சிறிய வார்ப்படச் சாலைகளின் கல்லுக்கு அதை மட்டும் வைத்து வயது கணக்கிடுவது சரியில்லை. ஆகவே நான் சொல்லவில்லை.

ஏன் ஒட்டியது

வழுவழுப்பாகத் தேய்த்ததால்தான் ஒட்டுகிறது என்று மகன் முடிவு கட்டியிருந்தார். அது பாதி உண்மைதான். அமெரிக்காவின் ஈரி நகரத்து கிரிஸ்வோல்ட், ஒஹாயோவின் வாக்னர் போன்ற பழைய வாணலிகளைச் சேகரிப்போர் தேடி அலைவதற்கு ஒரு காரணமே, அவற்றின் உட்புறம் தொழிற்சாலையிலேயே கடைந்து மென்மையாக்கப்பட்டது என்பதுதான். 1896 முதல் நடந்துவரும் லொட்ஜ் நிறுவனத்தின் இன்றைய வாணலிகள் மணல் அச்சின் சொரசொரப்போடு வருகின்றன. இரண்டிலும் நன்றாகச் சமைக்கலாம். ஆக, மென்மை குற்றமில்லை. இந்தக் கல்லில் கிரைண்டர் செய்த கேடு வேறு: பல வருடம் ஏறியிருந்த பழக்கத்தை, அதாவது எண்ணெய் சூட்டில் இறுகிப் படிந்த படலத்தை, அடியோடு வழித்தது, கூடவே மாவு தடித்து நிற்கும் பள்ளங்களை உண்டாக்கியது.

மிச்சக் குறை எண்ணெயில் இருந்தது. பழக்குவது என்றால் எண்ணெய் இரும்புக்குள் ஊறுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. எண்ணெயின் மூலக்கூறுகளில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகள் சூட்டிலும் காற்றின் ஒட்சிசனிலும் ஒன்றோடொன்று கோர்த்து, கழுவினாலும் போகாத கெட்டியான ஒரு படலமாக மாறுகின்றன. இரட்டைப் பிணைப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை அயடீன் எண் காட்டும். தேங்காயெண்ணெயின் அயடீன் எண் 6 முதல் 11 வரை. நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120 வரை. தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அது பொரிக்க நல்லது, கெட்டுப்போகவும் நாளெடுக்கும். ஆனால் அதே குணத்தால் படலமாக மாற மறுக்கிறது. தடிப்பாகப் பூசி இளஞ்சூட்டில் விட்டால் பிசினாகத்தான் நிற்கும். மாமியின் கல்லில் நின்றதும் அதுதான்.

அப்படியானால் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது கல் எப்படி நன்றாக இருந்தது? கேட்டேன். அங்கே தோசைக்கு நல்லெண்ணெய்தான், அதுவும் கட்டிய துணியால் தொட்டுத் தேய்ப்பதுதான் என்றார் மாமி. விறகு நெருப்பு கல்லின் விளிம்பு வரை பரவும். கிழமையில் பல நாள் கல் ஏறும். கொழும்புக்கு வந்த பின் தேங்காயெண்ணெய், சின்ன காஸ் பேர்ணர், ஞாயிறு மட்டும் தோசை என்று மாறியிருக்கிறது. பழைய பழக்கம் கெட்டியாக இருந்த வரை அந்த மாற்றம் தெரியவில்லை. கிரைண்டர் அதை எடுத்த பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது காரணம் கடல். கொழும்பில் காற்றின் ஈரப்பதம் வருடம் முழுக்க எழுபது எண்பது சதவீதத்தை ஒட்டியே நிற்கும். அறுபதைத் தாண்டினாலே வெறும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். அதற்கு மேல் வெள்ளவத்தையின் உப்புக்காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நேராக அந்த மேற்கு யன்னலுக்குள் அடிக்கிறது. உப்புத் துகள் இரும்பின் மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கல்லை எங்கே வைத்திருந்தார்கள் என்று பார்த்தேன். அந்த யன்னலுக்குக் கீழே, பாத்திரம் கழுவும் தொட்டியின் பக்கத்தில்.

சட்டி

குழிச்சட்டியைப் பற்றி மகன் மிகுந்த உற்சாகத்தோடு பேசினார். “அண்ணா, உள்ளுக்கு வெள்ளீயம் பூசின பழைய இங்கிலீஷ் சட்டி எண்டு கடைக்காரர் சொன்னவர்” என்றார். வெறும் கதை என்று தள்ள முடியாத பேச்சு அது. வெஸ்ட் புரொம்விச்சில் 1791 இல் தொடங்கிய கென்ரிக் நிறுவனம் உள்ளே வெள்ளீயம் பூசிய வார்ப்பிரும்புச் சட்டிகளைச் செய்தது. ஆங்கிலேயர் காலத்து வீடுகளையும் தோட்டத்துப் பங்களாக்களையும் காலி செய்யும்போது அந்த வகைச் சாமான் கொழும்புக் கடைகளுக்கு வருவதுண்டு. சட்டியின் உள்ளேயும் வெள்ளி நிறம் மினுங்கியது.

ஆனால் அது மினுங்கிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளீயப் பூச்சு மெல்லிதாக, விளிம்பு வரை ஒரே சீராகப் படிந்திருக்கும். இங்கே அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஒரு வளையம், அதற்குக் கீழே திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறம், விளிம்பில் ஓரிடத்தில் ஊற்றும்போது வழிந்து உறைந்த ஒரு துளி. கையுறை போட்டுக்கொண்டு அந்தத் துளியைக் கத்தி நுனியால் அழுத்தினேன். வெண்ணெயாக வெட்டுப்பட்டது. வெட்டிய இடம் ஒரு கணம் பளிச்சென்றிருந்து மங்கியது. வெள்ளைக் காகிதத்தில் இழுத்தால் சாம்பல் கோடு விழுந்தது. காரீயம், அதாவது நஞ்சான ஈயம் (lead).

சட்டி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கடையில் விசாரிக்கச் சொன்னேன். முகத்துவாரப் பக்கத்துப் பழைய சாமான் என்று பதில் வந்தது. அது போதுமாக இருந்தது. கரையோரத்தில் வலைக்கும் தூண்டிலுக்கும் ஈயக்குண்டு வார்ப்பதற்கு இப்படிப்பட்ட கனமான சட்டிதான் வாகானது. காரீயம் 327 பாகை செல்சியசில் உருகும், விறகடுப்பே போதும். வாகன பற்றரி திருத்தும் இடங்களிலும் காரீயம் உருக்குவார்கள். எனவே கடற்கரைக் கதை இல்லாத சட்டிக்கும் இந்தச் சந்தேகம் பொருந்தும். உறுதிப்படுத்த, காரீயம் பட்டால் சிவக்கும் சோதனைக் குச்சியைத் தேய்த்தேன். சிவந்தது. ஒன்று சொல்ல வேண்டும்: குச்சி சிவக்காவிட்டால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்ணெயும் துருவும் காரீயத்தை மூடியிருந்தால் அது காட்டாது. ஐயம் மிஞ்சினால் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி.

இந்தச் சட்டியில் அவர்கள் என்ன சமைக்க நினைத்தார்கள் தெரியுமா? ஒடியற்கூழ். பழப்புளி கரைத்து, மீனும் நண்டும் இறாலும் போட்டு நீண்ட நேரம் கொதிக்க விடுவது. புளி காரீயத்தைக் கரைத்து இழுக்கும். வீட்டில் மூன்று வயதுப் பேரன் இருக்கிறான். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்கும். கூழுக்காக வாங்கிய சட்டி என்று கேட்டதும் எனக்கு உண்மையாகவே நடுங்கியது.

தேய்த்து எடுக்க முடியாதா, எரித்துவிட முடியாதா என்று மகன் கேட்டார். தேய்த்தால் தூள் பறக்கும், எரித்தால் புகை வரும், இரண்டும் உடம்புக்குள் போகும். வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் போனதை வீட்டில் வைத்து முழுதாக எடுத்துவிட்டேன் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கடைக்குத் திருப்பிக் கொடுப்பதையும் நான் விரும்பவில்லை, நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகும். உட்புறத்துக்குத் தடிப்பாகச் சிவப்புப் பெயின்ற் அடித்து மூடி, வெளியே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ‘காரீயம், சமைக்கக் கூடாது’ என்று எழுதி, என் சேகரிப்பில் தனியாக வைத்திருக்கிறேன். பழைய இரும்பு வாங்கத் தொடங்குகிறவர்களுக்குக் காட்ட அது பயன்படுகிறது.

கல்லைக் கழுவியது

கல்லுக்கு வருவோம். பிசினை எடுக்கச் சிலர் கல்லை நெருப்பில் போட்டுச் சிவக்க விடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கல் வளையும், சில வேளை வெடிக்கும். மேற்பரப்பில் செந்நிறச் செதில் ஏறினால் அதன் பிறகு எண்ணெய் பிடிப்பதே கஷ்டம்.

நான் கோஸ்டிக் சோடாவில் போட்டேன். 20 லீற்றர் தண்ணீருக்கு அரைக் கிலோ என்ற கணக்கு. பிளாஸ்ரிக் வாளிதான், அலுமினியம் கூடவே கூடாது. சோடா அலுமினியத்தைத் தின்று ஐதரசன் வாயுவைக் கிளப்பும். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணுக்கும் கைக்கும் காப்பு வேண்டும், பிள்ளைகள் அண்டாத இடம் வேண்டும். சோடா எண்ணெய்ப் பிசினைச் சவர்க்காரமாக்கிக் கரைக்கும், இரும்பைத் தொடாது. அடிப்பக்கத்துக் கரியை விட்டுவைக்க நினைத்ததால், கல்லை முழுதாக முக்காமல் மேற்பக்கம் மட்டும் நனையும்படி ஒரு பிளாஸ்ரிக் தட்டில் குப்புறப் போட்டேன். அந்தக் கரி அடிக்குக் காவல். அதை எடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

மிஞ்சிய துருவுக்கு வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி. அரை மணித்தியாலத்துக்கு மேல் விடவில்லை. துரு கரைந்து முடிந்ததும் அமிலம் இரும்பையே அரிக்கத் தொடங்கும், இரவு முழுக்க ஊறவிட்டு மேற்பரப்பு அரிபட்ட பாத்திரங்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு தும்பால் தேய்த்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே அடுப்பில் ஏற்றிக் காயவைத்தேன். உடனே என்றால் அந்த நிமிடமே. கழுவிய வெறும் இரும்பு கொழும்புக் காற்றில் துடைக்கத் துணி தேடும் நேரத்துக்குள் செம்மஞ்சளாகிவிடும்.

போறணை

வீட்டு மின்சார ஓவனுக்குள் கைபிடியோடு கல் போகவில்லை. கொட்டாஞ்சேனையில் இன்னும் இறப்பர் விறகில் பாண் போடும் பேக்கரி ஒன்று இருக்கிறது. முதலாளியிடம் கேட்டேன், சிரித்துக்கொண்டு சரி என்றார். பாண் வேகும் சூடு ஏறக்குறைய 220 பாகை. கடைசித் தட்டை எடுத்த பிறகும் போறணைச் செங்கல் விடியும் வரை மெல்ல மெல்லத்தான் ஆறும். எண்ணெய்ப் படலம் கெட்டியாவதற்கு அந்த நீண்ட சூட்டை விட நல்லது ஒன்றை நான் கண்டதில்லை. அடுப்புச் சுவாலை நடுவைத்தான் சுடும், போறணை விளிம்பையும் கைபிடி மூட்டையும் ஒரே மாதிரிச் சுட்டது.

எண்ணெய், நல்லெண்ணெய். கல்லைச் சூடாக்கிப் பூசி, பிறகு பூசியதையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டேன் என்று தோன்றும் வரை உலர்ந்த துணியால் துடைத்து, குப்புற வைத்தேன். பழக்கத்தின் பெரும் பகுதி அந்தத் துடைப்பில் இருக்கிறது. ஆளிவிதை எண்ணெயின் அயடீன் எண் 170க்கு மேல், கணக்குப்படி அதுதான் சிறந்தது. ஆனால் அதன் படலம் நொறுங்கிச் செதிலாக உதிரும் என்று பலர் முறையிடுகிறார்கள். அதோடு, பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் மரத்துக்குப் பூச விற்கும் ஆளிவிதை எண்ணெயில் உலர்த்திகள் கலந்திருக்கும். அதைச் சமையல் பாத்திரத்தில் பூசவே கூடாது.

சில இரவுகள் இப்படிப் போயின. பழுப்பு, கடும்பழுப்பு, பிறகு கருமை. வீட்டுக்குக் கொண்டுபோனதும் தோசை ஊற்ற வேண்டாம் என்று மாமியிடம் சொன்னேன். முதலில் நல்லெண்ணெயில் வெங்காயம், பிறகு சில நாள் தேங்காய்ப்பூ ரொட்டி. ரொட்டி ஒட்டாது, கல்லும் சூட்டுக்குப் பழகும். அதன் பிறகுதான் மாமியின் மஞ்சள் போட்டுத் தாளித்த தோசை. ஓரம் தானாகக் கிளம்பியது. “இப்ப கதைக்குது” என்றார்.

மழைக்காலத்துக்குப் பிறகு

ஒரு பருவக்காற்று முழுவதும் கடந்த பின் போய்ப் பார்த்தேன். கல் இப்போது யன்னலிலிருந்து தள்ளி, உள்சுவரில் ஆணி அடித்துத் தொங்குகிறது. கழுவிய பின் அடுப்பில் காயவைத்து, துணியில் இருக்கும் நல்லெண்ணெயால் ஒரு முறை ஒற்றி எடுக்கிறார்கள். சவர்க்காரம் படலாமா என்று கேட்டார்கள். இன்றைய பாத்திரச் சவர்க்காரத்தில் கோஸ்டிக் இல்லை, கொஞ்சம் பட்டால் ஒன்றும் ஆகாது. தொட்டியில் ஊறப் போடுவதுதான் கேடு. தோசைக்கு முன் தண்ணீர் தெளிக்கும் பழக்கமும் இருக்கட்டும் என்றேன். நாலு துளி தெளிக்கலாம், சூட்டுக் கல்லில் கோப்பைத் தண்ணீரை ஊற்றினால்தான் வெடிக்கும்.

கைபிடி மூட்டில் மட்டும் மெல்லிய துருக்கோடு ஒன்று. துணி போகாத இடம் அது, பழைய பல்துலக்கும் தூரிகையால் எண்ணெய் தொடச் சொன்னேன். விளிம்பில் தோசை வெளிறித்தான் வேகிறது. வார்ப்பிரும்பு சூட்டைக் கடத்தும் வேகம் அலுமினியத்தின் கால்பங்கு கூட வராது, சின்னப் பேர்ணரின் சூடு ஓரத்துக்குப் போக நேரமெடுக்கும். சிறுதீயில் நன்றாகக் காயவிட்டு, கல்லை அவ்வப்போது சுற்றி வைத்தால் பாதிக் குறை போகும்.

கிரைண்டர் கடித்த இரண்டு பள்ளமும் அப்படியே இருக்கின்றன. அந்த இடத்தில் மாவு தடித்து, தோசை கொஞ்சம் மெத்தென்று வருகிறது. லேத்தில் போட்டு மட்டமாக்கித் தரலாம் என்று யாரோ மகனிடம் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்று மறித்தேன். வார்ப்பிரும்பில் மூன்று சதவீதத்துக்கு மேல் கரி, பெரும்பாலும் கிரபைற் செதிலாகக் கிடக்கிறது. அதனால்தான் அது அடித்தால் நெளியாமல் உடைகிறது. பள்ளத்தின் அடிமட்டத்துக்கு முழுக் கல்லையும் கடைந்தால், சுவாலைக்கு நேர் மேலே உள்ள பகுதி மெலிந்துபோகும். பழக்கமும் மறுபடி முதலிலிருந்து. மாமிக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. மெத்தென்ற பக்கம் பேரனுக்குப் பிடிக்குதாம், கல் இனி வீட்டை விட்டு எங்கேயும் போகாதாம்.